கோழிச் சளிக்கு ரத்தப் பரிசோதனை: ஒரே கொட்டகை, மூன்று சோதனை, மூன்று முடிவு

முட்டைக்கோழிக் கொட்டகை ஒன்றில் இரவு விளக்கை அணைத்த பிறகு நின்று கேட்டால் ஆங்காங்கே கரகரவென்று மூச்சுச் சத்தம் கேட்கிறது. சில கோழிகளுக்கு மூக்கில் நீர் வடிகிறது. தீவன எடுப்பு குறைந்திருக்கிறது. முட்டை சதவீதம் மெல்ல இறங்குகிறது. இறப்பு மட்டும் பெரிதாக இல்லை. பண்ணையாளர் ரத்தம் எடுத்து அனுப்புகிறார். தட்டுச் சோதனையில் 'பாசிட்டிவ்' என்று ஓர் அறிக்கை வருகிறது. அதே ரத்தத்துக்கு எலைசா 'நெகட்டிவ்' என்கிறது, ஹெச்.ஐ. சோதனை 'சந்தேகத்துக்குரியது' என்று எழுதித் தருகிறது. ஏதோ ஓர் ஆய்வகம் தவறு செய்துவிட்டது என்றே முதலில் தோன்றும். ஆனால் இந்த மூன்று அறிக்கைகளும் ஒரே நேரத்தில் சரியானவையாக இருக்க முடியும். மூன்று சோதனைகளும் ரத்தத்தில் தேடும் பொருள் முழுவதும் ஒன்றல்ல. அவை விழித்துக்கொள்ளும் நாளும் ஒன்றல்ல. எனவே எது சிறந்த சோதனை என்பதைவிட, எந்த நாளில், எந்தக் கோழியிடம், எந்தக் கேள்விக்காக, எந்த வரிசையில் செய்கிறோம் என்பதே முடிவின் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கட்டுரை மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம் என்னும் நுண்ணுயிரியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மூன்று சோதனைகளும் ஒருசேரப் பயன்படுவதும், முடிவுகள் அதிகமாக முரண்படுவதும் இந்த நோயில்தான். ராணிகேட், தொற்று மூச்சுக்குழல் அழற்சி, பறவைக் காய்ச்சல் ஆகியவற்றில் கணக்கு எப்படி மாறுகிறது என்பது பின்னர் வருகிறது.

தேடப்படும் நோய்

மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம் கோழிகளில் நாள்பட்ட சுவாச நோயை உண்டாக்குகிறது. பண்ணை வட்டாரங்களில் இதை சி.ஆர்.டி. என்றே சொல்கிறார்கள். இந்த நுண்ணுயிரிக்குச் செல்சுவர் கிடையாது. செல்சுவரைத் தாக்கும் பென்சிலின் வகை மருந்துகள் இதனிடம் எடுபடாததற்கு அதுவே காரணம். டைலோசின், டியாமுலின், டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் நோய்க்குறிகளைத் தணிக்கும், முட்டை இழப்பைக் குறைக்கும். ஆனால் கொட்டகையிலிருந்து கிருமியை முற்றிலும் துடைத்தெடுக்காது. ஒருமுறை தொற்றிய கோழி பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கிருமியைச் சுமக்கிறது.

கிருமி பரவும் வழிகள் இரண்டு. பக்கத்துக் கோழியின் மூச்சுத்துளி, தூசி, தண்ணீர், ஆட்கள், தட்டுமுட்டுகள் வழியாகப் பரவுவது ஒன்று. தாய்க்கோழியின் முட்டைக்குள் புகுந்து குஞ்சுக்குச் செல்வது மற்றொன்று. இரண்டாவது வழிதான் ரத்தப் பரிசோதனைக்கு இவ்வளவு முக்கியத்துவத்தைத் தந்தது. ஒரு தாய்க்கோழிப் பண்ணையில் கண்டுபிடிக்காமல் விட்டால், அங்கிருந்து குஞ்சு வாங்கும் அத்தனை பண்ணைகளுக்கும் நோய் சேர்ந்தே போய்விடும். பல வயதுக் கூட்டங்களை ஒரே வளாகத்தில் வைத்திருக்கும் முட்டைப் பண்ணைகளில் பழைய கோழிகள் புதிய கோழிகளுக்குத் தொற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வளாகம் முழுவதும் ஒரே நேரத்தில் காலியாவதில்லை. ஆகவே சங்கிலி அறுபடுவதுமில்லை. நாமக்கல் வட்டாரத்து முட்டைப் பண்ணைகளில் பெரும்பாலும் இந்த முறைதான் நடக்கிறது.

மைக்கோபிளாஸ்மா தனியாக வந்தால் நோய் மெல்லியது. ஈ கோலை நுண்ணுயிரியோ, ராணிகேட் அல்லது தொற்று மூச்சுக்குழல் அழற்சி வைரஸோ, உயிருள்ள தடுப்பூசியின் எதிர்வினையோ, கொட்டகையில் தேங்கிய அமோனியாவோ சேர்ந்துகொண்டால் காற்றுப்பைகளில் சீழ் படிந்து நிலைமை மோசமாகும். வெளிக்குறிகளைப் பார்த்து மட்டும் இவற்றைப் பிரித்துச் சொல்ல அனுபவமுள்ள கால்நடை மருத்துவராலும் முடியாது. அதனால்தான் ஆய்வகத்தின் துணை தேவைப்படுகிறது.

ரத்தத்தில் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

இங்கே பேசப்படும் மூன்று சோதனைகளும் கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராகக் கோழியின் உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள் என்னும் புரதத்தைத் தேடுகின்றன. எதிர்ப்பொருளைத் தூண்டும் கிருமியின் பகுதியை ஆன்டிஜென் என்பர். ஆய்வகத்தில் வைத்திருப்பது ஆன்டிஜென்; கோழியிடமிருந்து வருவது, எதிர்ப்பொருள் இருக்கலாம் என்று கருதப்படும் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் வெளிர்மஞ்சள் நீர். இரண்டையும் சேர்த்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் மூன்றுக்கும் பொதுவான அடிப்படை.

எதிர்ப்பொருள்களில் இரண்டு வகைகள் இங்கே முக்கியமானவை.

1. ஐ.ஜி.எம். தொற்று ஏற்பட்டபின் முதலில் தோன்றுவது இதுவே. ஏறக்குறைய ஒரு வாரத்தில் ரத்தத்தில் தென்படத் தொடங்கும். ஒரு மூலக்கூறில் 10 பிடிப்பிடங்கள் இருப்பதால் கிருமித் துகள்களை ஒன்றோடொன்று கோத்துத் திரளச் செய்வதில் வலிமை மிக்கது. ஆனால் சில வாரங்களில் குறைந்துவிடும்.

2. ஐ.ஜி.ஜி. கோழிகளில் இதை ஐ.ஜி.ஒய். என்றும் எழுதுவார்கள். இதற்கு 2 பிடிப்பிடங்கள்தான். தாமதமாக எழும், நீண்ட காலம் நிற்கும். தாய்க்கோழியின் ரத்தத்திலிருந்து மஞ்சள் கருவுக்குச் சென்று குஞ்சுக்குப் பாதுகாப்பளிப்பதும் இதுதான்.

தட்டுச் சோதனை முதல் வகையை நன்றாகப் பிடிக்கிறது. எலைசாவும் ஹெச்.ஐ.யும் பெருமளவு இரண்டாவது வகையைச் சார்ந்திருக்கின்றன. முடிவுகள் முரண்படுவதன் வேர் இங்கேயே இருக்கிறது.

தட்டுச் சோதனை: வேகமானது, பதற்றமானது

சாயம் ஏற்றிய நுண்ணுயிரி ஆன்டிஜெனைக் கொண்டு தட்டில் கலந்து பார்க்கும் முறை 1930-களில் புல்லோரம் என்னும் குஞ்சு வெள்ளைக்கழிச்சல் நோய்க்காக அமெரிக்காவில் பரவலானது. அந்த நோயை ஒழிப்பதற்காகவே 1935-இல் அங்கே தேசியக் கோழியின மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது; மைக்கோபிளாஸ்மா பிற்காலத்தில் அந்தத் திட்டத்துக்குள் வந்தது.

செய்முறை எளியது. வெள்ளை ஓடு அல்லது கண்ணாடித் தட்டின் மேல் ஏறத்தாழ 0.02 மில்லிலிட்டர் சீரமும் அதே அளவு ஊதாச் சாயமேற்றிய ஆன்டிஜெனும் வைத்து, குச்சியால் கலந்து, தட்டை மெதுவாகச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். 2 நிமிடங்களுக்குள் முடிவு தெரிய வேண்டும். எதிர்ப்பொருள் இருந்தால் துளியின் விளிம்பில் முதலில் ஊதாத் திட்டுகள் தோன்றும்; அவை பெரிதாக ஆக நடுப்பகுதி தெளிந்துவிடும். இல்லையென்றால் துளி முழுவதும் ஒரே சீரான மங்கல் ஊதாவாகவே இருக்கும். 2 நிமிடத்துக்குப் பிறகு துளி உலரத் தொடங்குவதால் விளிம்பில் தோன்றும் திட்டுகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அவசரத்தில் பலர் கவனிக்கத் தவறும் இடம் இது.

தொற்று ஏற்பட்ட 7 முதல் 10 நாள்களில் தட்டுச் சோதனை பாசிட்டிவ் காட்டத் தொடங்கிவிடும். வேறு எந்த ரத்தச் சோதனையும் இவ்வளவு சீக்கிரம் எச்சரிப்பதில்லை. செலவும் இதற்குத்தான் மிகக் குறைவு. குறையும் அதே உணர்திறனிலிருந்தே பிறக்கிறது. மைக்கோபிளாஸ்மாவே இல்லாத கோழியின் சீரமும் சில வேளைகளில் திரளும். அதற்கான காரணங்கள் நன்கு அறியப்பட்டவை:

1. கடந்த சில வாரங்களில் எண்ணெய்க் கலவையுள்ள செயலிழந்த தடுப்பூசி ஏதேனும் போட்டிருப்பது. அது ராணிகேட்டுக்கான தடுப்பூசியாக இருந்தாலும் இந்த விளைவு வரலாம்.

2. மூட்டு வீக்கத்தையும் சளியையும் உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா சைனோவியே என்னும் உறவுக்காரக் கிருமி. இரண்டுக்கும் பொதுவான ஆன்டிஜென்கள் இருப்பதால் ஒன்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் மற்றொன்றின் சோதனையில் தலைகாட்டும்.

3. சிவப்பணு உடைந்து செந்நிறமான சீரம், பாக்டீரியா வளர்ந்து கெட்ட சீரம், உறைய வைத்து உருக்கிய சீரம்.

இதற்கு மாற்றாக ஆய்வகங்கள் கடைப்பிடிக்கும் வழியும் எளிதானதே. பாசிட்டிவ் காட்டிய சீரத்தை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்துவிட்டு மறுபடி சோதிக்கிறார்கள். பிறகு அதை நீர்த்தும் பார்க்கிறார்கள். நீர்த்த பிறகும் வலுவாகத் திரண்டால் அதை உண்மையான எதிர்வினையாகக் கொள்ளலாம். நீர்த்தவுடன் மறைந்தால் சந்தேகப்பட வேண்டும். இந்த இரண்டாவது படியைச் செய்யாமல் தரப்படும் 'தட்டு பாசிட்டிவ்' அறிக்கை பாதி வேலைதான்.

ஹெச்.ஐ. சோதனை: கண்டிப்பானது, தாமதமானது

சில கிருமிகளுக்குச் சிவப்பணுக்களை ஒட்டித் திரளச் செய்யும் இயல்பு உண்டு. இன்ஃபுளுவென்சா வைரஸிடம் இதை 1941-இல் ஜார்ஜ் ஹிர்ஸ்ட் கண்டறிந்தார். ராணிகேட் வைரஸும் மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகமும் அதே இயல்பு கொண்டவை. சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது கிருமியின் மேற்பரப்பை மூடிக்கொள்ளும்; சிவப்பணுக்கள் திரளாமல் சோதனைத் தட்டின் குழிக்கு அடியில் சிவந்த பொத்தானாகப் படிந்துவிடும். இப்படித் திரட்சியைத் தடுப்பதை அளக்கும் சோதனைதான் ஹெச்.ஐ.

சீரத்தை 10, 20, 40, 80 மடங்கு என்று இரட்டித்து நீர்த்துக்கொண்டே போய், எந்த நீர்ப்பு வரை தடுப்பு நடக்கிறது என்று பார்க்கிறார்கள். அந்தக் கடைசி எண்தான் டைட்டர். மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகத்துக்கு 80-உம் அதற்கு மேலும் பாசிட்டிவ், 40 சந்தேகத்துக்குரியது என்பது பரவலான வழக்கம். தட்டைச் சாய்த்துப் பிடித்தால் தடுப்பு நடந்த குழிகளில் சிவப்பணுக்கள் கீழ்நோக்கி வழியும், திரண்ட குழிகளில் வழியாது. பழகிய கண்ணுக்கு இந்த வேறுபாடு போதும், கருவி தேவையில்லை.

இந்தச் சோதனை பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் டைட்டர் அந்த உயரத்துக்கு வர 3 வாரமோ அதற்கு மேலோ ஆகும். இன்னொரு சிக்கலும் உண்டு: இந்த நுண்ணுயிரி தன் மேற்பரப்புப் புரதங்களை மாற்றிக்கொண்டே இருக்கும் தன்மையுடையது. பண்ணையில் சுற்றும் வகையும் ஆய்வகத்தில் ஆன்டிஜெனாக வைத்திருக்கும் வகையும் விலகியிருந்தால், தொற்றிய கோழியிலும் டைட்டர் தாழ்வாகவே தெரியும். ஆகவே ஹெச்.ஐ. நெகட்டிவ் என்பதை மட்டும் வைத்து 'நோய் இல்லை' என்று சொல்வது பிழை. ஆன்டிஜெனைத் தயாரித்து அதன் திரட்டும் ஆற்றல் குன்றாமல் காப்பதும் கடினமான வேலை. பல ஆய்வகங்கள் மைக்கோபிளாஸ்மாவுக்கு மட்டும் இதைக் கைவிட்டு எலைசாவுக்குச் சென்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலைசா: நடுவில் நிற்பது, எண்ணாகப் பேசுவது

1971-இல் சுவீடனில் எங்வாலும் பெர்ல்மனும் வெளியிட்ட இந்த முறை இன்று கோழி நோய்க் கண்காணிப்பின் முதுகெலும்பு. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டின் குழிச்சுவரில் ஆன்டிஜென் பூசப்பட்டிருக்கும். பெரும்பாலும் 500 மடங்கு நீர்த்த சீரத்தை அதில் ஊற்றினால் எதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு, கோழி எதிர்ப்பொருளைப் பிடிக்கும் நொதி கோத்த மற்றொரு எதிர்ப்பொருளை ஊற்றி, மீண்டும் கழுவி, நிறமூட்டியைச் சேர்த்தால் எதிர்ப்பொருளின் அளவுக்கேற்ப நிறம் ஏறும். அந்த நிறத்தின் அடர்த்தியைக் கருவி படிக்கிறது. கண் பார்வையின் ஏற்ற இறக்கம் இங்கே இல்லை.

கருவி தரும் எண்ணை அப்படியே பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு தட்டிலும் பாசிட்டிவ், நெகட்டிவ் ஒப்பீட்டுச் சீரங்கள் வைக்கப்படும். சோதனைச் சீரத்தின் அளவீட்டிலிருந்து நெகட்டிவ் ஒப்பீட்டைக் கழித்து, அதை பாசிட்டிவ் ஒப்பீட்டுக்கும் நெகட்டிவ் ஒப்பீட்டுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுக்கிறார்கள். நெகட்டிவ் 0.08, பாசிட்டிவ் 0.58, கோழியின் சீரம் 0.38 என்றால் விகிதம் 0.30-ஐ 0.50-ஆல் வகுத்த 0.6. அந்தக் கிட்டின் (நிறுவனம் விற்கும் சோதனைப் பொருள் தொகுப்பின்) எல்லை 0.5 என்றிருந்தால் கோழி பாசிட்டிவ். இந்த விகிதத்திலிருந்தே ஒரு சூத்திரத்தால் டைட்டரைக் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சூத்திரம் வேறு, எல்லை வேறு. ஆகவே ஒரு நிறுவனக் கிட்டில் வந்த 3000-ஐ மற்றொரு நிறுவனக் கிட்டில் வந்த 3000-உடன் ஒப்பிடுவதில் பொருளில்லை. எலைசாவின் 3000-ஐ ஹெச்.ஐ.யின் 80-உடன் ஒப்பிடுவது அதைவிடப் பொருளற்றது.

மைக்கோபிளாஸ்மாவைப் பொறுத்தவரை, எலைசா தட்டுச் சோதனையைவிடச் சற்றுத் தாமதமானது, ஆனால் பொய் பாசிட்டிவ் குறைவு, ஹெச்.ஐ.யைவிட உணர்திறன் அதிகம், கண்டிப்பு சற்றுக் குறைவு. ஒரே நாளில் பல நூறு சீரங்களைச் சோதிக்க முடியும் என்பது அதன் தனி வலிமை. கருவிக்கும் கிட்டுக்கும் ஆகும் செலவு அதன் சுமை.

முரண்பாடு எங்கிருந்து வருகிறது?

நோயுள்ள கோழியைத் தவறவிடாமல் பிடிக்கும் திறனை உணர்திறன் என்றும், நோயில்லாத கோழியை நோயில்லாதது என்றே சொல்லும் திறனைத் தனித்தன்மை என்றும் கொள்வோம். இரண்டும் ஒரே சோதனையில் உச்சத்தில் இருப்பது அரிது. பண்ணையில் ஒரு கோழியை மட்டும் சோதிப்பதில்லை, 30 கோழிகளைச் சோதிக்கிறோம். அதனால் சிறிய குறைகூடப் பெருகிவிடுகிறது. கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்களில் இதைப் பார்க்கலாம்.

1. முழுக்க நோயற்ற ஒரு கூட்டம், தனித்தன்மை 95 சதவீதம் உள்ள சோதனை, 30 சீரங்கள். ஒவ்வொன்றும் சரியாக நெகட்டிவ் ஆக வாய்ப்பு 0.95. முப்பதும் நெகட்டிவ் ஆக வாய்ப்பு 0.95-ஐ 30 முறை பெருக்கினால் வரும் 0.21. அதாவது, நோயே இல்லாத கொட்டகையில் குறைந்தது ஒரு பாசிட்டிவ் வர 79 சதவீத வாய்ப்பு.

2. தனித்தன்மை 99.5 சதவீதமாக உயர்ந்தால் அந்த வாய்ப்பு 14 சதவீதமாகச் சரிகிறது.

3. இப்போது திருப்பிப் பார்க்கலாம். நோய் இப்போதுதான் நுழைந்திருக்கிறது; நூற்றில் 5 கோழிகளிடம் மட்டுமே எதிர்ப்பொருள் எழுந்திருக்கிறது. பிழையே செய்யாத ஒரு சோதனையை வைத்து 30 கோழிகளைப் பார்த்தாலும், ஐந்துக்கு ஒருமுறை முப்பதும் நெகட்டிவ் என்றே வரும். மேலே கண்ட அதே 0.21 தான்.

எனவே 30-இல் 1 அல்லது 2 தட்டு பாசிட்டிவ் என்ற அறிக்கை கொட்டகைக்கு நோய் வந்ததற்கான சான்று ஆகாது; முப்பதும் நெகட்டிவ் என்ற அறிக்கை நோய் இல்லை என்பதற்கான உறுதியும் ஆகாது. முதல் நிலையில் செய்ய வேண்டியது, பாசிட்டிவ் காட்டிய சீரங்களை மட்டும் எலைசா அல்லது ஹெச்.ஐ.க்கு உட்படுத்துவதும், 2 முதல் 4 வாரம் கழித்து அதே கொட்டகையில் மறுபடி ரத்தம் எடுப்பதும் ஆகும். உண்மைத் தொற்று என்றால் பாசிட்டிவ் எண்ணிக்கை ஏறும், எலைசாவும் ஹெச்.ஐ.யும் பின்தொடர்ந்து எழும். தடுப்பூசியால் வந்த பொய் எதிர்வினை என்றால் தேய்ந்து மறையும். தொடக்கத்தில் சொன்ன மூன்று அறிக்கைகளும் இந்தக் கண்ணோட்டத்தில் ஒத்துப்போகின்றன. ஹெச்.ஐ.யின் 'சந்தேகத்துக்குரியது' என்பது டைட்டர் இன்னும் 80-ஐ எட்டவில்லை என்பதையே சொல்கிறது. நோய் நுழைந்து பத்துப் பன்னிரண்டு நாளான கொட்டகையில் தட்டு பாசிட்டிவும் எலைசா நெகட்டிவும் வருவது இயல்பு. எண்ணெய்த் தடுப்பூசி போட்டு இரண்டு வாரமான, நோயற்ற கொட்டகையிலும் அதுவே வரலாம். இரண்டையும் பிரித்துச் சொல்வது இரண்டாவது ரத்தம்தான்.

மாதிரி எண்ணிக்கையின் கணக்கும் இதே வழியில் வருகிறது. பெரிய கூட்டத்தில் 20 சதவீதக் கோழிகளிடம் எதிர்ப்பொருள் இருக்கும் என்று எதிர்பார்த்தால், 95 சதவீத உறுதியுடன் ஒன்றையாவது பிடிக்க 14 கோழிகள் போதும். 10 சதவீதம் என்றால் 29. 5 சதவீதம் என்றால் 59. கொட்டகையில் 5000 கோழிகளா 50000 கோழிகளா என்பது இந்த எண்ணை அதிகம் மாற்றுவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வரிசைக் கூண்டிலிருந்து எடுத்தால் கணக்கே குலைந்துவிடும்.

தடுப்பூசியும் மருந்தும் செய்யும் குழப்பம்

மைக்கோபிளாஸ்மாவுக்குத் தடுப்பூசி போட்ட கூட்டத்தில் ரத்தப் பரிசோதனையின் பொருளே மாறிவிடுகிறது. உயிருள்ள தடுப்பூசிகளில் எஃப் வகை வலுவான எதிர்ப்பொருளை எழுப்பும், டி.எஸ்.11 மெல்லிய, ஏற்ற இறக்கமான எதிர்வினையைத் தரும். 6/85 பெரும்பாலும் ரத்தத்தில் தடயமே விடாது. செயலிழந்த தடுப்பூசி எலைசாவில் நன்றாகத் தெரியும். எனவே எஃப் வகை போட்ட கூட்டத்தில் பாசிட்டிவ் என்பது செய்தியே அல்ல. 6/85 போட்ட கூட்டத்தில் உயர்ந்த டைட்டர் வந்தால் வெளித்தொற்று நுழைந்திருக்கலாம் என்று கருத வேண்டும். தடுப்பூசிக் கிருமியா, வெளிக்கிருமியா என்று உறுதி செய்ய ரத்தம் போதாது. தொண்டை அல்லது மூச்சுக்குழலில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்து, மரபணு வரிசையை ஒப்பிட வேண்டும்.

நோய்க்குறி தெரிந்தவுடன் தண்ணீரில் மருந்து கலந்துவிட்டு, சில நாள் கழித்து ரத்தம் எடுப்பது பண்ணைகளில் பரவலான பழக்கம். கிருமியின் எண்ணிக்கை அடங்கினால் எதிர்ப்பொருள் எழுவதும் தாமதப்படலாம், பி.சி.ஆர். சோதனையும் பலன் குறையும். முதலில் மாதிரி, பிறகு மருந்து என்பதே சரியான வரிசை.

குஞ்சுகளில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒருநாள் குஞ்சின் ரத்தத்தில் காணும் எதிர்ப்பொருள் தாயிடமிருந்து வந்தது. அது தாயின் வரலாற்றைச் சொல்கிறது, குஞ்சின் நோயைச் சொல்வதில்லை. 3 அல்லது 4 வாரத்தில் அது தேய்ந்துவிடும். கறிக்கோழியில் இதன் விளைவு கடுமையானது: பல்லடம் வட்டாரத்து ஒப்பந்தப் பண்ணையில் 6 வாரத்துக்குள் விற்பனைக்குப் போகும் கோழிக்கு 25-ஆவது நாளில் தொற்று வந்தால், ஐ.ஜி.ஜி. நன்றாக எழுவதற்குள் கொட்டகை காலியாகிவிடும். அங்கே எலைசாவும் ஹெச்.ஐ.யும் அந்தத் தொகுதிக்கு உதவுவதில்லை. தட்டுச் சோதனையும் பி.சி.ஆரும்தான் உதவும்.

வைரஸ் நோய்களில் கணக்கு வேறு

ராணிகேட் நோயில் 'பாசிட்டிவா, நெகட்டிவா' என்ற கேள்வியே எழுவதில்லை. ராணிகேட்டுக்கே உரிய எஃப், லசோட்டா, ஆர்2பி என்று பலமுறை தடுப்பூசி பெற்ற கூட்டத்தில் எல்லாக் கோழிகளும் பாசிட்டிவாகத்தான் இருக்கும். இங்கே ஹெச்.ஐ. சோதனைதான் அளவுகோல், ஆன்டிஜென் நிலையானது, செலவு குறைவு, டைட்டருக்கும் பாதுகாப்புக்கும் உள்ள தொடர்பு நன்கு தெரிந்தது. 16 மடங்கு நீர்ப்பு, அதாவது 2-இன் 4-ஆம் அடுக்கு, பாசிட்டிவுக்கான கீழெல்லை. பார்க்க வேண்டியவை சராசரியும் பரவலும். சராசரி 8-ஆம் அடுக்கில் இருந்த கூட்டம், இடையில் தடுப்பூசி எதுவும் இல்லாமல் மூன்று வாரத்தில் 11-ஆம் அடுக்குக்கு ஏறினால் வெளி வைரஸ் நுழைந்ததாகவே கொள்ள வேண்டும். எலைசாவில் இதே வேலையை மாறுபாட்டுக் கெழு (டைட்டர்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் சதவீதம்) செய்கிறது: அது 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தடுப்பூசி எல்லாக் கோழிகளுக்கும் ஓரளவு சீராகச் சேர்ந்திருக்கிறது என்று பொதுவாகக் கொள்வார்கள். தண்ணீர் வழியாகக் கொடுத்த தடுப்பூசி வரிசையின் கடைசிக் கூண்டுக்குச் சென்று சேர்ந்ததா என்பதைக்கூட இந்த எண் காட்டிக்கொடுக்கும்.

தொற்று மூச்சுக்குழல் அழற்சி 1931-இல் வட டக்கோட்டாவில் முதலில் விவரிக்கப்பட்ட கொரோனா வைரஸ் நோய். இதில் வகைகள் பல. ஒன்றுக்கான பாதுகாப்பு மற்றொன்றுக்கு முழுதாக உதவாது. எலைசா எல்லா வகைகளையும் ஒன்றாகவே காட்டும். ஹெச்.ஐ. இளங்கோழியில் வகையைப் பிரித்துக் காட்ட முயலும். பலமுறை தடுப்பூசி பெற்ற முட்டைக்கோழியில் எதிர்ப்பொருள்கள் கலந்துவிடுவதால் அந்தத் திறன் மங்கிவிடுகிறது. எந்த வகை என்பதற்கு மரபணு வரிசைதான் விடை.

பறவைக் காய்ச்சலில் செய்திகள் கிளப்பும் குழப்பம் அதிகம். இன்ஃபுளுவென்சா ஏ எலைசாவில் பாசிட்டிவ் என்றவுடன் எச்5என்1 என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தச் சோதனை ஏ வகை வைரஸ்கள் அனைத்துக்கும் பொதுவானது. கோழிகளில் மிதமான சளியை உண்டாக்கும் எச்9என்2-உம் அதில் தெரியும். எச்5, எச்9 ஆன்டிஜென்களைத் தனித்தனியே வைத்து ஹெச்.ஐ. செய்தால்தான் பிரித்தறிய முடியும். மேலும், கொடிய எச்5என்1 வந்த கொட்டகையில் கோழிகள் எதிர்ப்பொருள் உருவாகும் முன்பே இறந்துவிடுகின்றன. அங்கே ரத்தம் எடுத்து எதிர்ப்பொருள் தேடுவது வீண்வேலை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் இந்தியாவின் முதல் எச்5என்1 பரவல் உறுதியானதிலிருந்து இதற்கான நடைமுறை வேறு: திடீரென இறப்பு பெருகினால் பண்ணையில் கோழியை அறுத்துப் பார்க்காமல் கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தகவல் தர வேண்டும், உறுதிப்படுத்தும் பொறுப்பு போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்தினுடையது.

எந்தப் பண்ணைக்கு எது?

1. தாய்க்கோழிப் பண்ணை: இங்கே தவறவிடுவதன் விலை அதிகம். குறித்த இடைவெளியில் தட்டு அல்லது எலைசா, பாசிட்டிவ் வந்தால் ஹெச்.ஐ., அதையும் தாண்டி பி.சி.ஆர். உறுதியாகும் வரை பொரிப்பகத்துக்கு அனுப்பும் முட்டைகளைத் தனியே வைப்பது நல்லது. ஒரே ஒரு தட்டு முடிவை நம்பி ஒரு கூட்டத்தையே கழித்துக்கட்டுவது எந்தச் சோதனை விதியிலும் இல்லை.

2. பல வயது முட்டைப் பண்ணை: மைக்கோபிளாஸ்மா ஏற்கெனவே இருப்பதாகத்தான் கொள்ள வேண்டியிருக்கும். புதிய தொகுதி எந்த வயதில் பாசிட்டிவ் ஆகிறது என்பதை எலைசாவில் தொடர்ந்து பதிவு செய்தால், தடுப்பூசியை எந்த வாரத்தில் போடுவது என்று தீர்மானிக்கலாம். உற்பத்தியில் இருக்கும் கோழியைப் பிடித்துக் கலவரப்படுத்த வேண்டாம் என்றால் முட்டையின் மஞ்சள் கருவையே எலைசாவுக்கு அனுப்பலாம். அது ரத்தத்தின் சில நாள்களுக்கு முந்தைய நிலையைக் காட்டும்.

3. கறிக்கோழிப் பண்ணை: நோய்க்குறி தெரிந்த அன்றே தொண்டை மாதிரியும் ரத்தமும். ரத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

எந்தச் சோதனையானாலும் இறக்கையின் ரத்தநாளத்தில் எடுக்கும் 1 அல்லது 2 மில்லிலிட்டர் ரத்தத்தின் தரம்தான் தொடக்கம். குழாயைச் சாய்வாக வைத்து, குலுக்காமல், நிழலில் உறையவிட வேண்டும். எடுத்த கையோடு ஐஸ் பெட்டிக்குள் போட்டால் சீரம் சரியாகப் பிரியாது. கோடை வெயிலில் வண்டி முகப்பில் வைத்தால் சிவப்பணு உடைந்துவிடும். பிரித்த சீரத்தை 4 டிகிரி செல்சியஸில் வைத்து, தட்டுச் சோதனைக்கென்றால் உறைய வைக்காமல், ரத்தம் எடுத்த 72 மணி நேரத்துக்குள் சோதனை முடியும்படி ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். உடன் அனுப்பும் படிவத்தில் கோழியின் வயது, நோய்க்குறி தொடங்கிய நாள், போட்ட தடுப்பூசிகளின் வகையும் தேதியும், கொடுத்த மருந்தும் நாளும், கடைசியாக எண்ணெய்த் தடுப்பூசி போட்ட நாள் ஆகியவற்றை எழுத வேண்டும். படிவத்தின் இந்தக் கட்டங்கள் வெறுமையாக இருந்தால், மேலே சொன்ன எந்த முரண்பாட்டையும் ஆய்வகத்தால் அவிழ்த்துச் சொல்ல முடியாது. எண்ணை மட்டும் அச்சிட்டு அனுப்பத்தான் முடியும்.